அந்தச் சாவு பொய்யில்லை

“அவர்தான் வெளியே வந்துவிட்டாரே அம்மா! ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் எப்படிச் சாவார்? கதைக்காகக் கொன்றுவிட்டார்கள்.”

‘திஸ் இஸ் அஸ்’ தொடரைப் பார்த்துவிட்டு என் மகள் சொன்னது இது. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பான பகுதி. சுவிட்ச் பழுதான பழைய மின்சாரச் சமையல் பாத்திரத்தால் இரவில் வீடு பற்றிக்கொள்கிறது. புகை வந்தால் அலற வேண்டிய கருவியில் பேட்டரி இல்லை. மனைவி மக்களை மாடியிலிருந்து இறக்கிவிட்ட குடும்பத் தலைவர் ஜாக், நாய்க்காக மறுபடி உள்ளே போய்த் திரும்புகிறார். மருத்துவமனையில் மனைவி மிட்டாய் வாங்கப் போன நேரத்தில் அவர் இதயம் நின்றுவிடுகிறது.

என்னால் மகளுக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் பெரியப்பா அப்படித்தான் போனார்.

1996 ஆடி மாதம், கல்லிடைக்குறிச்சி. சாரலுக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் அடைத்திருந்தோம். மச்சில் கொசுவர்த்திச் சுருள் சரிந்து இலவம்பஞ்சு மெத்தையில் விழுந்திருக்கிறது. பெரிய தீ என்று எதுவுமில்லை. மெத்தை கனன்றது, அவ்வளவுதான். பெரியப்பா பத்திரம் இருந்த டிரங்குப் பெட்டியை எடுக்க மேலே போனார். இருமிக்கொண்டே இறங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. மூக்கைத் துடைத்த துண்டில் மட்டும் மை அப்பியது போலக் கரி. குரல் கம்மியிருந்தது. “ஒன்றுமில்லை, காப்பி போடு” என்றார். பெரியம்மா கருப்பட்டிக் காப்பி போட உள்ளே போனாள். விடியும் முன்பே மூச்சு இழுக்கத் தொடங்கியது. பாளையங்கோட்டைக்குக் காரில் கொண்டு போனோம். சேரன்மகாதேவி வரவில்லை, அடங்கிவிட்டது.

கனலும் பஞ்சிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி அப்போதும் அளவு சரியாக இருப்பதாகவே காட்டும். ஈரத்துணியைப் பொத்திக்கொண்டாலும் அந்த வாயு நிற்காது. சுடுபுகை பட்ட தொண்டையோ சில மணி நேரம் கழித்துத்தான் வீங்கும். மூக்கில் கரியும் குரலில் கம்மலும் இருந்தால் அவரைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். 108ஐ அழையுங்கள். எங்களுக்கு அன்று இது தெரியாது.

அந்தத் தொடரில் எனக்கும் ஒரு குறை உண்டு. புகை மண்டிய மாடியில் ஜாக்குக்கு வழி தெரிகிறது. எங்கள் மச்சில் அன்று பெரியப்பாவுக்குத் தன் கையே தெரியவில்லையாம். பெட்டியைத் தடவித்தான் எடுத்திருக்கிறார். நம் சீரியல்களோ இன்னும் மோசம். நாயகி முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு தீக்குள் போய் மாமியாரைத் தூக்கி வருகிறாள், மறுநாள் நெற்றியில் ஒரு கட்டோடு கோலம் போடுகிறாள். இதைப் பார்த்துத்தானே ஊரே தீயைப் பழகிக்கொள்கிறது? எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தப் பெட்டி எங்கே அம்மா?” என்று கேட்டாள். பரணிலிருந்து இறக்கிக் காட்டினேன். பத்திரத்தின் ஓரம்கூடக் கருகவில்லை.