ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடுமா?

"ஓடுறவங்களுக்கு நாற்பது வயசுக்குள்ள மூட்டு தேஞ்சிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. தேய்வதாகச் சொல்வது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பைத்தான். அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. எடை விழுந்து விலகும்போதுதான் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் உறிஞ்சுகிறது. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதம், ஓடாதவர்களிடம் 10.2. (போட்டிக்கு ஓடுபவர்களிடம் 13.3. அதையும் மறைக்க வேண்டாம்.)

அப்புறம் வலி ஏன்? பல பேருக்கு முழங்கால் சில்லைச் சுற்றித்தான். மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்கும், ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் குடையும். வாரம் 10 கிலோமீட்டர் ஓடியவர் மாரத்தான் ஆசையில் திடீரென்று 25-க்குத் தாவியிருப்பார். தொடைத் தசை தயாராக இருக்காது. தூரத்தைக் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.