சும்மா கிடைத்த பட்டமா அது?

குகேஷ் உலக சாம்பியன் ஆன நாளிலிருந்து ஒரு பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. "டிங் லிரன் கோட்டை விட்டார், பையன் மடியில் பட்டம் வந்து விழுந்துவிட்டது." டிங், குகேஷிடம் பட்டத்தை இழந்த சீன ஆட்டக்காரர். செஸ் தெரியாதவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆடத் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. குகேஷ் நம்ம ஊர்ப் பையன் என்பதால் மட்டும் இல்லை. எண்ட்கேமை, அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தை, எப்படி ஜெயிக்கிறார்கள் என்று யோசிக்காமல் பேசுகிற பேச்சு அது.

அன்றைக்கு என்ன நடந்தது? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 14 ஆட்டங்களில் கடைசி ஆட்டம். அதுவரை ஆளுக்கு 6.5 புள்ளி. வெள்ளைக்காய் டிங்குக்கு. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் டைபிரேக், அதாவது யாருக்குப் பட்டம் என்று முடிவுகட்டும் வேக ஆட்டங்கள், அதில் டிங் கைதான் ஓங்கும் என்று பலரும் கணித்திருந்தார்கள். டிங்கும் அதையே நம்பியிருப்பார் போல. ராணிகளை மாற்றிக்கொண்டார், ஒரு சிப்பாய் போனாலும் பரவாயில்லை என்று காய்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில். ஓரளவு ஆடத் தெரிந்த யாரைக் கேட்டாலும் டிரா என்பார்கள். கம்ப்யூட்டரும் அதைத்தான் சொன்னது.

குகேஷ் கை குலுக்கவில்லை. ஆடிக்கொண்டே இருந்தார்.

55வது மூவில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகளை மாற்றிக்கொள்ளலாம் வா என்று கூப்பிடுகிற மூவ். யானைகள் போய்விட்டால் வேலை இன்னும் சுலபம் என்று தோன்றியிருக்கும். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. அதுதான் வினை. மூலையில் நிற்கும் பிஷப்புக்குப் போக ஒரே ஒரு சாய்வுப் பாதை. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தன் பிஷப்பை அதே பாதையில் டி5 கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இனி டிங்கின் பிஷப் எங்கே போனாலும் வெட்டுப்படும், வெட்டினால் குகேஷின் ராஜா திருப்பி வெட்டும். மிச்சம் இரண்டு ராஜாக்கள், இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒரு சிப்பாய். அது தோல்விதான். 58வது மூவோடு டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். அந்த பிஷப் மூலையில் இல்லாமல் வேறு கட்டத்தில் இருந்திருந்தால் யானை மாற்றத்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

டிங்கின் யானை மூவ் தவறு என்று முதலில் தானும் கவனிக்கவில்லை, வேறொன்று ஆடப்போனேன் என்று குகேஷே பிறகு சொன்னார். பட்டம் சும்மா கிடைத்த பரிசு என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அத்தனை நேரம் ஆடிய பிறகும், எதிராளி என்ன விட்டிருக்கிறார் என்று பார்க்கிற கண் விழிப்பாக இருக்க வேண்டும். டிராதானே என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், இவ்வளவு சிறுபிள்ளைத்தனமான ஒரே ஒரு தவறால் உலகப் பட்டம் இதுவரை முடிவானதில்லை என்கிற மாதிரி எழுதினார். சரி. 2006இல் பான் நகரத்தில் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டரோடு ஆடும்போது அடுத்த மூவில் செக்மேட் இருப்பதைப் பார்க்காமல் விட்டவரும் இதே கிராம்னிக்தான். அப்போது அவர் நடப்பு சாம்பியன். களைத்த மூளை யாரையும் விட்டுவைப்பதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்தக் களைப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. இப்படிப்பட்ட எண்ட்கேமில் இரண்டு பேருக்கும் வேலை ஒரே மாதிரி இல்லை. ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவர் யானையை இங்கே கொண்டுபோகலாம், பிடிக்கவில்லையா, பழைய இடத்துக்கே திரும்பலாம். ராஜாவை ஒரு கட்டம் முன்னே வைக்கலாம், பின்னே இழுக்கலாம். அவர் சரியான மூவ் ஆட வேண்டும் என்றுகூட இல்லை, கெடுதல் இல்லாத மூவ் ஆடினால் போதும். தடுப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறையும் சரியாக ஆட வேண்டும். கந்துவட்டிக்காரர் அடிக்கவும் மாட்டார், கத்தவும் மாட்டார், தினமும் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார், அந்த மாதிரி. அதுவும் நவம்பர் 25இல் தொடங்கி மூன்றாவது வாரமாக ஆடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரிடம்.

இந்த வைத்தியத்தைச் சென்னை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2013 நவம்பர், உலக சாம்பியன் போட்டி, நம்ம ஆனந்த் – நார்வேயின் கார்ல்சன். முதல் நான்கு ஆட்டங்கள் டிரா. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஆனந்த் அடுத்தடுத்த நாட்களில் தோற்றார். இரண்டும் எண்ட்கேம். குறிப்பாக ஆறாவது. ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் இருந்த நிலை, டிரா ஆகியிருக்க வேண்டியது. கார்ல்சன் அவசரமே படவில்லை. கையிலிருந்த சிப்பாய்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ராஜாவையும் ஒரு சிப்பாயையும் முன்னால் நகர்த்திக்கொண்டே போனார். 60வது மூவில் ஆனந்த் தன் பி வரிசைச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் தப்பித்திருக்கலாம். யானையை நகர்த்தினார். 67வது மூவில் எல்லாம் முடிந்தது. பட்டமும் 6.5 – 3.5 என்று கைமாறியது.

அன்றைக்கு நாம் என்ன சொன்னோம்? கார்ல்சன் கல்லிலிருந்தே தண்ணீர் எடுப்பார் என்று உலகமே வியந்தது, நாமும் வயிற்றெரிச்சலோடு தலையாட்டினோம். ஆனந்த் பரிசாகக் கொடுத்தார் என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அதே வேலையைப் பதினெட்டு வயதுப் பையன் செய்தால் மட்டும் அது எப்படி அதிர்ஷ்டம் ஆகிறது? (அந்தச் சென்னைப் போட்டியைக் ஆட்டக்காரர்கள் இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்று பார்த்தவர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவர். அதைச் சொன்னவரும் அவரேதான்.)

விடாமல் ஆடுவதன் உச்சம் என்று கேட்டால் நான் 2021 துபாய் போட்டியின் ஆறாவது ஆட்டத்தைத்தான் சொல்வேன். கார்ல்சன் – ரஷ்யாவின் நெப்போம்னியாச்சி. 136 மூவ்கள், ஏழே முக்கால் மணி நேரம். உலக சாம்பியன் போட்டிகளில் அவ்வளவு நீளமான ஆட்டம் அதற்கு முன் கிடையாது. 1978இல் கார்ச்னாய் – கார்ப்போவ் ஆடிய 124 மூவ்தான் பழைய சாதனை, அதுவும் டிராவில் முடிந்தது. துபாயில் கார்ல்சன் 80வது மூவில் ஒரு யானையைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு பிஷப்பையும் ஒரு சிப்பாயையும் எடுத்தார். பிறகு ஒரு யானை, ஒரு குதிரை, சிப்பாய்கள் எல்லாம் கூட்டமாக ராஜாவைச் சுற்றி நின்றுகொண்டு, ராணியை எதிர்த்து அங்குலம் அங்குலமாக முன்னேறின. 60 மூவ் தாண்டியதும் கொஞ்சம் நேரம்தான் மிச்சம், அதோடு மூவுக்கு 30 விநாடி சேரும். பாதி இரவு வரை நெப்போம்னியாச்சி சரியாகத்தான் தடுத்தார். ஏழு காய் மிச்சமிருந்தால் என்ன முடிவு என்று கம்ப்யூட்டரில் முழுக்கக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி 130வது மூவ் வரைக்கும் டிரா. அந்த மூவில் ராணியைத் தப்பான கட்டத்தில் வைத்தார். அதோடு சரி. அடுத்த ஐந்து ஆட்டங்களில் மூன்றில் தோற்றார், போட்டியே அங்கு முடிந்துபோனது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பிடிவாதம் வேறு, இது வேறு. தோற்க வழியே இல்லாத நிலையில் இருப்பவர்தான் இப்படி மணிக்கணக்காக அரைக்கலாம். சிங்கப்பூரில் குகேஷ் அப்படித்தான் இருந்தார். ஆபத்து இருவருக்கும் சமமாக இருக்கும்போது ‘நான் டிரா எடுக்க மாட்டேன்’ என்று முறுக்கிக்கொண்டு ஆடினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம், அரைத்தால் மாவு வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. இதே சிங்கப்பூரில் ஏழாவது ஆட்டத்தில் குகேஷ் ஜெயிக்க வேண்டிய நிலையை அடைந்து, 72 மூவ் வரை இழுத்தும், டிங் தப்பித்துவிட்டார். அபாரமான தடுப்பாட்டம். டிங்குக்கு எண்ட்கேம் தெரியாது என்று பேசுகிறவர்கள் அதை ஒருமுறை பார்க்கட்டும்.

வார இறுதிப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்குத் தெரியும். பதினைந்து மூவ் வரைக்கும் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், ராணிகள் வெட்டுப்பட்டதும் நிமிர்ந்து பார்த்து, "டிராவா?" என்று ஒருவரையொருவர் கேட்டு, கை குலுக்கிவிட்டு வெளியே ஓடிவந்துவிடுவார்கள். வாசலில் நிற்கும் நாமும் "அரைப் புள்ளி வந்துச்சே, போதும்" என்று பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். பயிற்சி வகுப்புகளிலும் ஓப்பனிங்குக்குத்தான் கிராக்கி, யானை எண்ட்கேம் என்றால் பிள்ளைகளும் கொட்டாவி விடுகிறார்கள், பெற்றவர்களும் "இது எப்போ சார் முடியும்" என்கிறார்கள்.

குகேஷுக்கு அதிர்ஷ்டம் என்று இன்னும் நினைக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். சென்னை ஆறாவது ஆட்டத்தை எடுத்து, நாற்பதாவது மூவ் நிலையைப் பலகையில் அடுக்கி, ஆனந்த் பக்கம் உட்காருங்கள். எதிரில் ஓரளவு ஆடத் தெரிந்த யாரையாவது உட்கார வையுங்கள், கம்ப்யூட்டரை மூடிவிடுங்கள், கடிகாரத்தில் மூவுக்கு 30 விநாடி வையுங்கள். எத்தனையாவது மூவில் தோற்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.