கைவிசேஷத்துக்குள் எந்தச் சாத்தான்?

வருடப்பிறப்பன்று எங்கள் வீட்டில் நடந்தது இதற்குள் திருகோணமலையில் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை போய்விட்டது. "குடும்பத்துக்குள் பேசி முடித்திருக்கலாமே" என்று இன்பொக்ஸில் புத்தி சொன்னவர்களுக்காகவே பொதுவில் எழுதுகிறேன்.

எங்கள் மச்சாள் கிறிஸ்தவள். படைத்ததைச் சாப்பிட வேண்டாம். வருடப்பிறப்புக்குத் தலையில் வைக்கும் மருத்துநீர் வைக்க வேண்டாம். திருநீறு பூச வேண்டாம். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அப்பா கைவிசேஷமாக வெற்றிலையில் வைத்து நீட்டிய நூறு ரூபாய்த் தாளை வாங்கப் போன பிள்ளையின் கையைத் தட்டி, "அது சாத்தானுக்குப் படைச்ச காசு" என்று அவள் சொன்னது எந்த ஊர் நியாயம்? தாள் பாயில் விழுந்தது. எண்பதைத் தாண்டிய மனுசன் குனிந்து பொறுக்கினார். பிள்ளை எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவர்களுடைய விசுவாசத்தை மதிக்க வேண்டாமா?" மதித்துத்தானே படைக்க முன்பே பொங்கலில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்தேன்! கிண்ணியாவிலிருந்து வருகிற என் முஸ்லிம் கூட்டாளியும் படைத்ததைத் தொடமாட்டார். இரண்டு வாழைப்பழம், ஒரு பிளேன்ரீ, அப்பாவோடு கொஞ்சம் அரசியல், அவ்வளவுதான். யாருடைய மனமும் நோகாது. தைப்பொங்கலுக்குக் கத்தோலிக்கக் கோயில்களிலேயே பொங்குகிறார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?

வேதத்தில் இருக்கிறது என்பவர்கள் கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 10ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். விருந்துக்குப் போன வீட்டில் வைப்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடச் சொல்கிறார். படைத்தது என்று யாராவது சொன்னால் சாப்பிட வேண்டாம் என்று அடுத்த வசனம். சரி, சாப்பிட வேண்டாம் என்றார். தட்டிவிடச் சொன்னாரா?

"உங்கள் பெரியப்பா மட்டும் திறமோ? விரத நாளில் மீன் காய்ச்சினால் படியேறமாட்டாரே." அது வேறு கதை. அவர் தன் வாயைத்தான் கட்டுகிறார். கொஞ்சம் கத்துவார், அதை விடுங்கள்.

காசு இல்லை பிரச்சினை. மாமா போன பிறகு மச்சாளைத் தூக்கி வளர்த்தது எங்கள் அம்மா. தலைக்குப் பேன் பார்த்து, பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டவ. அந்த அம்மாவின் செத்தவீட்டில் மச்சாள் வாய்க்கரிசி போடாமல் கேற்றடியில் நின்றாள். சனம் குசுகுசுத்தபோது, "அவளின்ர நம்பிக்கை, விடுங்கோ" என்று வாயை அடைத்தவர் யார்? அப்பா!

அடுத்த முறையும் கூப்பிடுவீர்களா என்று கேட்கிறார்கள். கூப்பிடத்தான் வேண்டுமாம், அப்பா சொல்லிவிட்டார். எனக்கு மனமில்லை. கொமெண்டில் வசனம் போட வருகிறவர்கள் முதலில் அவருக்கு ஒரு கோல் எடுத்துக் கதையுங்கள்.