ரயில் தடத்தை மறந்துவிட்டீர்கள்
இங்கிலாந்தின் மலையும் ஏரியுமான லேக் டிஸ்டிரிக்டில் சைக்கிள் சுற்றுலா என்பது கால்பலம் உள்ள இளவட்டங்களுக்கு மட்டும்தான் என்று உங்கள் கட்டுரை முடிவு கட்டிவிடுகிறது. அங்குள்ள ஹார்ட்நாட் கணவாயை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சில இடங்களில் 33 சதவீத ஏற்றம், நானே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன், அதில் வெட்கமில்லை. ஆனால் அதே பகுதியில் கெஸ்விக் ஊரிலிருந்து திரெல்கெல்டு கிராமம் வரை பழைய ரயில் தடத்தில் போகும் பாதையை ஏன் விட்டுவிட்டீர்கள்? சுமார் 5 கிலோமீட்டர். ரயில் ஓடிய தடம் என்பதால் மேடு அவ்வளவாகத் தெரியாது. 2015 டிசம்பர் புயல் வெள்ளத்தில் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டு, 2020 இறுதியில்தான் மறுபடி திறந்தார்கள். அறுபதைத் தாண்டிய என் அக்கா, கிரேட்டா ஆறு ஒவ்வொரு பாலத்துக்கும் இடமும் வலமுமாக மாறுவதை எண்ணிக்கொண்டே ஓட்டினார். நடுவில் எண்ணிக்கை தவறியதற்கு என்னைத் திட்டியதும் உண்டு. மேலே கருத்து எழுதிய ஒருவர், மின்சார சைக்கிள் இருந்தால் கணவாய்களும் எளிது என்கிறார். ஏறுவதற்குச் சரி. ஈரச் சாலையில் அந்தக் கனத்தோடு இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போகும். பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் மோட்டார் என்ன செய்யும்?