'பரையா' என்று இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு

உலக நாடுகள் ஒதுக்கி வைத்த ஒரு நாட்டைப் பற்றி இங்கிலீஷில் செய்தி வந்தால் 'பரையா ஸ்டேட்' என்ற சொல் எப்படியும் வந்துவிடுகிறது. வட கொரியாவை அப்படி எழுதுகிறார்கள், ரஷ்யாவை எழுதுகிறார்கள். 2019 நவம்பரில் ஜோ பைடன் ஒரு தேர்தல் விவாதத்தில் சவுதி அரேபியாவைப் 'பரையா' ஆக்கப்போவதாகச் சொன்னார். உலக ஊடகங்கள் அதை ஆண்டுக்கணக்கில் திரும்பச் சொல்லின. அது நம் ஊரில் உயிரோடு இருக்கிற மக்களின் பெயர், பறையர். எனக்கு இதைக் கடந்து போக முடியவில்லை.

பறைதல் என்றால் சொல்லுதல். குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வழக்கு இன்னும் இருக்கிறது, மலையாளத்தில் அன்றாடச் சொல். ஊருக்குச் செய்தி சொல்லும் கருவி பறை. அதிலிருந்து வந்த பெயர் என்பதுதான் பரவலான விளக்கம். அந்த மக்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்தவர்கள் என்பது வேறு விஷயம். புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் 'துடியன் பாணன் பறையன் கடம்பன்' என்ற இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறார். இழிவின் நிழல்கூட அங்கே இல்லை.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலீஷில் இந்தப் பெயர் பதிவாகிவிட்டது. முதலில் ஒரு சாதியைக் குறித்தது, அப்புறம் தாழ்த்தப்பட்ட எல்லாரையும். உருவகமாக மாற்றியதில் ஐரோப்பிய இலக்கியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்னார்டின் தெ சேன்-பியர் 1791இல் எழுதிய பிரெஞ்சுக் கதையில் ஞானம் உள்ளவரே ஒரு பறையர்தான். 1821இல் பாரிஸில் இதே பெயரில் நாடகம் வந்தது. ஜெர்மன் கவிஞர் கதேயும் இதைப் பற்றிக் கவிதை எழுதினார். பிறகு ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரையா மக்கள்' என்றார். இவர்களில் பலர் பரிவோடுதான் எழுதினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பரிவே ஒரு சமூகத்தின் பெயரை ஒதுக்கப்படுவதற்கு மறுபெயர் ஆக்கிவிட்டது.

அந்த மக்களோ தங்கள் பெயரைப் பற்றித் தாங்களே கடுமையாக விவாதித்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். எதைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்களோ அதையே தலைநிமிர்ந்து சொல்லும் துணிவு அது. அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. 1907இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. எம்.சி.ராஜா போன்றவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. பெயரைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம் என்று சொல்லவும் இரு தரப்புக்கும் உரிமை இருந்தது, ஏனென்றால் பெயர் அவர்களுடையது.

'சொல் இடம் மாறிவிட்டது, லண்டனில் யாருக்கும் சாதி நினைவுக்கு வராது' என்பார்கள். சரி, லண்டனில் வராமல் இருக்கலாம். செங்கல்பட்டில் இங்கிலீஷ் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வருமே! தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட வெள்ளைக்காரர்கள் இந்தப் பெயரை ஒட்டவைத்தார்கள். அந்தப் பிள்ளை அகராதியைத் திறந்தால் தன் சமூகத்தின் பெயருக்கு நேராக 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளைத்தான் பார்க்கும்.

லண்டன்காரர்களை விடுங்கள். சென்னையில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். 'அவுட்காஸ்ட்' என்ற சொல் இருக்கிறது, வெளியே தள்ளப்பட்டவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள், எந்தச் சமூகத்தின் பெயரும் அதில் இல்லை. தனிமைப்படுத்தப்பட்ட நாடு என்றே எழுதலாம். செய்தி ஆசிரியர்களே, உங்கள் நடைக் கையேட்டில் இதை நாளைக்கே சேர்த்துவிடுங்கள்.