லோடு வண்டியில் குடும்பத்தோடு போகலாம் என்ற தகவல் தவறு

குலசாமி கோயிலுக்குக் கிளம்பும் மாதங்களில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல் சுற்றுகிறது: “வாடகை வாங்காமல் சொந்தக் குடும்பத்தைக் குட்டி யானையின் பின்னால் ஏற்றினால் கேஸ் இல்லை. பாய் விரித்து, கயிறு கட்டினால் போதும். இன்சூரன்ஸும் கிடைக்கும்.” மூன்றுமே தவறு.

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆம் விதி, சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவதை லைசென்ஸையே இழக்கக்கூடிய குற்றமாகச் சொல்கிறது. வாடகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் குற்றம்தான்.

இன்சூரன்ஸ் விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிவரும் பயணிகள் கட்டாயக் காப்பீட்டில் அடங்க மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ வந்தால் மட்டும் அந்தக் காப்பீட்டில் சட்டம் இடம் தருகிறது. பொங்கல் பானையும் விறகும் ஏற்றியதால் அத்தை, சித்தப்பா, பேரப்பிள்ளைகள் எல்லோரும் சரக்கின் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்கள். விபத்து நடந்தால் நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலையில் விழும்; அவரிடம் பணம் இல்லையென்றால் குடும்பம் எங்கே போகும்?

அப்புறம் அந்தக் கயிறு. அது சீட் பெல்ட் ஆகாது. திடீரென்று பிரேக் போட்டால் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் மொத்தமாக முன்பக்கம் சரிவார்கள், குழந்தைகள் அடியில் மாட்டுவார்கள். திருப்பத்தில் நின்றுகொண்டு வருபவர்களின் எடை ஒரே பக்கம் சாய்ந்தால் சின்ன வண்டி எளிதில் கவிழும். பின்கதவின் கொக்கி மூட்டைகளைத் தடுக்கத்தான், ஆட்கள் சாய்வதற்கு இல்லை.

சாமான்களை லோடு வண்டியில் அனுப்புங்கள். ஆட்களுக்குச் சீட் உள்ள வேனைப் பிடியுங்கள், இல்லையென்றால் பஸ்ஸில் போங்கள்.