அச்சுக்கூடத்தில் நின்றவர் எழுதிய சட்டம்
அமெரிக்கப் பொருளியலாளர் ஜோன் ஆர். கொமன்ஸின் வாழ்க்கையைச் சொன்ன உங்கள் கட்டுரைக்கு மிக்க நன்றி. அவர் 1899இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகப் பதவியை இழந்ததை விரிவாக எழுதிய நீங்கள், இளமையில் அச்சுத் தொழிலாளியாக வேலை செய்ததை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கோ அதுதான் முக்கியம். எழுத்துக் கோத்த கை அது.

1911இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கொமன்ஸின் பங்களிப்போடு வந்த தொழிலாளர் விபத்து நட்டஈட்டுச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. விபத்துக்கு முதலாளி பணம் கட்ட வேண்டுமென்றால், விபத்து நடக்காமலே பார்த்துக்கொள்வார். தவறு யாருடையது என்று வழக்காடத் தேவையில்லை.

என் அப்பா கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமியாக மூட்டை சுமந்தவர். லொறியிலிருந்து சாய்த்து வைத்த பலகை, நடுவில் வெடித்திருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் மாற்றவில்லை. ஒருநாள் வெங்காய மூட்டையோடு சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. கடையில் மருந்துச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். அடுத்த கிழமை அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். இலங்கையில் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நாட்கூலிக்காரனுக்குச் சட்டம் கிடையாது என்றே கடைசிவரை நம்பியிருந்தார்.

கொமன்ஸ் சட்டம் எழுதியதோடு நிற்கவில்லை, அதை நடத்த ஓர் ஆணைக்குழுவையும் அமைக்கச் செய்து அதில் தானே பணியாற்றினார். அந்த ஆணைக்குழு தொழிற்சாலைகளுக்குள் எப்படி நுழைந்தது என்பதை அடுத்த கட்டுரையில் தயவுசெய்து எழுதுங்கள்.